குளிர்சாதனப் பெட்டியின் சுருதி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நண்பர் ஒருவர் 16 நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறார். சிங்கப்பூரின் அங் மோ கியோவில் ஒரு மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. பஸ் ஓட்டுநரான அப்பா, மறுநாள் காலை தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பயிற்சிக்காகப் புலாவ் தேக்கோங் தீவுக்குப் போகவிருக்கும் மகன். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளாதவர்கள். படத்துக்கு இசை உங்கள் பொறுப்பு. சிறுவயதில் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றிருக்கிறீர்கள், கீபோர்டு வாசிப்பீர்கள், வீட்டில் கணினி இருக்கிறது. சில வாரங்களாக உட்கார்ந்தும் ஒன்றும் பிடிபடவில்லை, வருவதெல்லாம் எங்கோ கேட்ட சினிமாப் பாட்டின் சாயலில் இருக்கிறது என்கிறீர்கள். உந்துதலை எங்கே தேடுவது, விலை உயர்ந்த வாத்திய ஒலித்தொகுப்புகளை வாங்கினால் உதவுமா, நண்பரிடம் பணம் கேட்கலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே பயம் இருப்பதாக எனக்குப் படுகிறது: எனக்கென்று ஒரு குரல் இல்லையோ என்பது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் இங்கே பல ஆண்டுகளாகக் குறும்படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் பின்னணி இசை செய்துவருகிறேன். பெரிய வாத்தியக் குழுவை வைத்து வணிகப் படத்துக்கு இசையமைத்த அனுபவம் எனக்கில்லை. ஆகவே சொல்லப்போவதைச் சிறிய படம், சிறிய பணம், சிறிய அறை என்ற அளவில் வைத்துப் படியுங்கள். சட்டம் பற்றிக் கடைசியில் சொல்வதும் ஓர் இசைக்காரர் அறிந்திருக்க வேண்டிய அளவுதான்.

சினிமாப் பாட்டின் சாயல் வருகிறதே என்று வருந்துகிறீர்கள். தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் அப்படித்தான் வரும். அதை ஒரு நோயாக நினைக்க வேண்டாம். சிக்கல் சாயலில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. பாட்டு தன்னளவில் முழுமையானது. பல்லவி ஒரு கேள்வியைப் போடும், அனுபல்லவியோ சரணமோ அதை விரிக்கும், மீண்டும் பல்லவிக்கு வந்து அமரும். கண்ணை மூடிக் கேட்டாலும் நிறைவு தரும். பின்னணி இசைக்கு இந்த முழுமை ஆகாது. அதன் பாதி திரையில் இருக்கிறது. நடிகரின் முகமும் அறையின் ஒலியும் அந்த மீதியை நிரப்பும். இசை தானே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டால் படத்துக்குச் செய்ய வேலை இருக்காது. உங்களுக்குத் தோன்றிய ட்யூன்களில் ஒன்றை எடுத்து, அதன் முதல் நான்கு சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஐந்தாவது வரவேண்டிய இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அதைக் காட்சியோடு ஓட்டுங்கள். சினிமாப் பாட்டு என்று நீங்கள் தள்ளிய அதே வரி வேறொன்றாகக் கேட்கும். என் வேலையில் பெரும்பகுதி இப்படி வெட்டுவதுதான்.

அடுத்தது, படத்தைப் பார்க்கும் முறை. எடிட்டர் உங்களுக்குக் கொடுத்த பிரதியில் ஏற்கெனவே வேறு படங்களின் இசையைத் தற்காலிகமாக ஒட்டியிருந்தால், அது இல்லாத பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இந்தத் தற்காலிக இசை, டெம்ப் டிராக், எடிட்டருக்கு நல்ல துணை. இசையமைப்பாளருக்கோ அது பெரும் தொல்லை. நான்கு முறை பார்த்தால் போதும், காட்சியும் அந்த இசையும் காதில் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். இயக்குநருக்கும் அதே கதிதான். 1968இல் வெளியான ஸ்டான்லி குப்ரிக்கின் விண்வெளிப் படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிப் பதிவும் செய்த இசை கைவிடப்பட்டு, குப்ரிக் முன்பே தேர்ந்து வைத்திருந்த செவ்வியல் இசைத்தட்டுகளே படத்தில் நிலைத்தன. அத்தகைய மூத்த கலைஞருக்கே நடந்தது நமக்கும் நடக்கும். உங்கள் நண்பர் ஏதாவது ஒரு பாட்டைக் காட்டி ‘இது போல வேண்டும்’ என்றால், அதில் எது பிடித்தது என்று கேளுங்கள்: வேகமா, வெறுமையா, ஒரு வாத்தியத்தின் கரகரப்பா? பெரும்பாலும் பதில் ஒரே ஒரு குணத்தில் வந்து நிற்கும். அந்தக் குணத்தை மட்டும் குறித்துக்கொண்டு பாட்டை மறந்துவிடுங்கள்.

படத்தை முதலில் வசனத்தோடு, பிறகு ஒலியே இல்லாமல், பிறகு கண்ணை மூடி ஒலியை மட்டும் என்று மூன்று விதமாகப் பாருங்கள். அப்போது கீபோர்டு அருகில் இருக்க வேண்டாம். கைக்குப் பழகிய பாதை ஒன்று உண்டு. விரல் வைத்தவுடன் அங்கேதான் போகும். தோன்றுவதை வாயால் முனகித் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். நீங்கள் வாய்ப்பாட்டு கற்றவர். உங்கள் மூச்சின் நீளம், உங்களுக்கு இயல்பாக வரும் அசைவு, இவை விரலில் இல்லை, தொண்டையில் இருக்கின்றன. தனிக்குரல் என்று ஒன்றைத் தேடுகிறீர்கள் அல்லவா? தேட வேண்டிய இடம் பெரும்பாலும் அதுதான்.

பிறகு இயக்குநரோடும் எடிட்டரோடும் உட்கார்ந்து, இசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விநாடிக் கணக்கில் முடிவு செய்ய வேண்டும். இந்த ஒரு கூட்டத்துக்கு நான் எழுதும் நாட்களைவிட அதிக மதிப்புக் கொடுப்பேன். அங்கே முதலில் குறிக்க வேண்டியது இசை வேண்டாத இடங்களை. 1960இல் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்துக்கு வெறும் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து பெர்னார்ட் ஹெர்மன் எழுதிய இசையைப் பலரும் அறிவார்கள். அதே ஹிட்ச்காக்கும் அதே ஹெர்மனும் 1963இல் ‘தி பேர்ட்ஸ்’ படத்தில் வழக்கமான பின்னணி இசையே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். மின்னணுக் கருவியில் உருவாக்கிய பறவை ஒலிகளும் மௌனமுமே அந்தப் படத்தைத் தாங்கின. ஹெர்மன் அதற்கு ஒலி ஆலோசகராக இருந்தார். உங்கள் 16 நிமிடத்தில் நான்கு நிமிட இசை இருந்தால் போதும் என்பது என் கணிப்பு. இது விதி அல்ல, பழக்கத்தில் வந்த அபிப்பிராயம். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: அப்பாவும் மகனும் ஒரே மேசையில் பேசாமல் சாப்பிடும் காட்சி என்று எழுதியிருந்தீர்களே, அங்கே இசை வைக்காதீர்கள். அந்த மௌனத்தைத்தான் நண்பர் படம் பிடித்திருக்கிறார். மகன் எழுந்து போன பிறகு, அப்பா தட்டை எடுக்கும்போது இசை வரட்டும். கண்ணீருக்கு முன்னால் வரும் இசை பார்ப்பவரை அழச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது. சற்றுப் பிந்தி வரும் இசை கூட உட்கார்கிறது.

இனி உந்துதல். இது காத்திருந்து வாங்கும் வரம் என்று நான் நம்பவில்லை. படத்துக்குள்ளேயே கிடக்கிறது என்று நம்புகிறேன். இதற்கு நம்மிடம் மிகப் பழைய ஒரு முறை இருக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் தொழிலையும் யாழையும் அதே வரிசையில் வைக்கிறது. குறிஞ்சிக்கு ஒரு பறை, நெய்தலுக்கு ஒரு யாழ். இசையை நிலத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து பூசவில்லை. மரமும் பறவையும் போல அந்த நிலத்திலேயே விளைந்த பொருளாக எண்ணினார்கள். நான் எந்தப் படத்தை எடுத்துக்கொண்டாலும் முதல் வாரம் இந்தப் பட்டியலைத்தான் போடுவேன். உங்கள் படத்துக்கு நீங்கள் எழுதியிருப்பதை வைத்து நானே போட்டுப் பார்க்கிறேன். தெய்வம்: சமையலறை அலமாரியில் இருக்கும் சாமி படம், அதன் முன்னால் சிறிய கைமணி. உணவு: மைலோ கலக்கும் கரண்டி கண்ணாடிக் குவளையில் மோதும் ஒலி. விலங்கு: கீழ்த்தளத்துப் பூனை. மரம்: கார் நிறுத்துமிடத்துத் தூங்குமூஞ்சி மரம், மழை நின்ற பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும். பறவை: விடியலுக்கு முன்பே கத்தத் தொடங்கும் குயில். தொழில்: பஸ்ஸின் காற்று பிரேக் விடும் பெருமூச்சு, திசைகாட்டி விளக்கின் டிக் டிக். யாழ்: அப்பாவின் வானொலி. பறைக்கு என்ன என்பது உங்களுக்குத்தான் தெரியும். மின்தூக்கிக் கதவாகக்கூட இருக்கலாம்.

இந்தப் பட்டியலில் பாதி நேரடியாக இசையாகும். திசைகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வாகனங்களில் அது நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் துடிக்கும். படத்தில் உள்ள பஸ்ஸில் அது எவ்வளவு என்று எண்ணுங்கள். 90 என்று வந்தால், விநாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் ஒரு தட்டுக்குச் சரியாக 16 பிரேம் வரும். அந்த வேகத்திலேயே மொத்த இசையையும் எழுதினால், அப்பா பஸ் ஓட்டும் முதல் காட்சியில் கேட்ட துடிப்பு, கடைசியில் படகுத் துறையில் தாளக்கருவியே இல்லாமல் இசைக்குள் இருந்துகொண்டிருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

இந்தப் பட்டியலில், நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் நான் சேர்க்கிறேன்: குளிர்சாதனப் பெட்டி. இரவில் நடக்கும் வீட்டுக் காட்சிகளில் அதன் முனகல் இருந்தே தீரும். சிங்கப்பூரில் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சியில் வருகிறது. மின்கருவிகளின் இரைச்சல் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும், குறிப்பாக 100இலும், அமைகிறது. கீபோர்டில் இதற்குப் பக்கத்தில் இருப்பது ஜி (G) என்ற சுரம். நம் கணக்கில் ஐந்து கட்டை. பெட்டியின் ஒலி சரியாக அதே இடத்தில் இல்லை, ஏறத்தாழ அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே இருக்கிறது. கணினியில் 440 என்று இருக்கும் அடிப்படைச் சுருதியை 449க்கு மாற்றினால் இரண்டும் இழையும். இன்வெர்ட்டர் வகைப் பெட்டிகளில் வேகம் மாறுவதால் சுருதியும் மாறும், ஆகவே நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் படத்தின் ஒலியை அளந்து பாருங்கள். ஒலிப்பதிவு செய்தவர் அந்த வீட்டின் வெற்று ஒலியை அரை நிமிடமாவது தனியாகப் பதிந்து வைத்திருப்பார், கேட்டு வாங்குங்கள். மிக்ஸிங்கில் அந்த முனகலை நீக்கிவிடுவார்களா என்பதையும் அவரிடமே கேளுங்கள். வைத்துக்கொள்வதாகச் சொன்னால் உங்களுக்குத் தம்பூரா கிடைத்துவிட்டது. இசை தொடங்கும் இடமே தெரியாமல், வீட்டின் ஒலியிலிருந்து ஒரு சுரம் எழும்.

அந்த ஐந்து கட்டையின் மேல் மோகன ராகத்தை வையுங்கள்: ஜி, ஏ, பி, டி, ஈ. இப்போது இதே ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு ஆதார சுரத்தை (சட்ஜத்தை) மட்டும் ஈ-க்கு நகர்த்தினால் சுத்த தன்யாசி ராகம். பி-க்கு நகர்த்தினால் ஹிந்தோளம். ஏ-யில் மத்தியமாவதி, டி-யில் சுத்த சாவேரி. கிரக பேதம் என்று உங்கள் ஆசிரியர் சொல்லியிருப்பார். பழந்தமிழ் இசையிலும் பாலை திரிதல் என்று இதற்கு நெடிய மரபு உண்டு. படத்தில் இதற்கு என்ன பயன் என்றால், வீட்டுக்குள் பெட்டியின் முனகல் ஐந்து கட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை உங்கள் வரி மோகனமாகவே கேட்கும். மகன் கீழ்த்தளத்துக்கு இறங்கிய கணத்தில் முனகல் நின்றுவிடுகிறது. அங்கே அடியில் ஈ-யைக் கொடுத்து அதே வரியைப் பாடினால் ராகம் மாறிவிடும். ஒரு சுரத்தைக்கூட நீங்கள் மாற்றவில்லை. அப்பாவுக்கு ஒரு இசை, மகனுக்கு ஒரு இசை என்று இரண்டு எழுதுவதைவிட இது இந்தக் கதைக்குப் பொருந்தும், ஏனென்றால் இவர்கள் இருவரும் ஒரே இயல்புடையவர்கள் என்றுதானே நண்பர் கதை எழுதியிருக்கிறார். இன்னொன்று, மோகனத்தின் சுரங்கள் சீன இசையின் ஐஞ்சுர அளவுகளில் ஒன்றோடு அப்படியே ஒத்துப்போகின்றன. நம் புளோக்கில் பக்கத்து வீட்டில் ஒலிக்கும் பாட்டும் நம் வீட்டில் ஒலிக்கும் பாட்டும் ஒரே ஐந்து படிகளில் ஏறி இறங்கக்கூடும். இதைப் படத்தில் யாரும் சுட்டிக்காட்ட வேண்டாம். ஆனால் தமிழ்க் குடும்பம் என்பதற்காக வீணை, சீனத் தாத்தா வந்தால் எர்ஹூ என்னும் சீனத் தந்தி வாத்தியம் என்று வைக்கும் பழக்கத்திலிருந்து அது உங்களைக் காப்பாற்றும். அந்தப் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. மனிதர்களை முகவரிச் சீட்டாகக் குறுக்கிவிடுகிறது.

குயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே அது அதிகாலையில் எழுப்பும் சத்தத்தைப் பற்றி மக்கள் புகார் செய்வதுண்டு. அதன் கூவல் ஒவ்வொரு முறையும் சற்று மேலேறி, உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று அறுந்துவிடும். படத்தில் மகன் கிளம்பும் நேரம் அதுதான். ஒலிப்பதிவில் குயில் இருந்தால் அதன் மேல் புல்லாங்குழலில் இன்னொரு குயிலை வாசிக்க வேண்டாம். ஏறிப்போய் அறுபடும் அந்த வடிவத்தை மட்டும் எடுத்து, மிகக் கீழான தந்தியில் மிக மெதுவாக வாசிக்கச் செய்யுங்கள்.

இதுவரை சொன்னதில் அதிர்வெண்ணும் பிரேம் கணக்கும் ராகப் பெயர்ப்பும் ஐயத்துக்கு இடமில்லாதவை. இனி வருவது அப்படியல்ல. சோகக் காட்சிக்கு எந்த ராகம் என்றும் இடையில் கேட்டிருந்தீர்கள். ராகத்துக்கென்று உள்ளார்ந்த உணர்ச்சி உண்டா என்பது தீராத விவாதம். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், இந்துஸ்தானி இசையில் பழக்கமில்லாத மேற்கத்தியர்களுக்கு ராகங்களைப் போட்டுக் காட்டினார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் ஆகியவற்றை அவர்கள் நன்றாகவே இனம் கண்டார்கள். அமைதியை அந்த அளவுக்குக் காணவில்லை. ஆனால் அவர்களுடைய தீர்ப்பு வேகம், இசையின் எளிமை அல்லது சிக்கல் போன்றவற்றோடு சேர்ந்தே போயிற்று. அதாவது ராகம் தனியாக என்ன செய்கிறது என்பது இன்னும் திறந்த கேள்விதான். நம் காதுகளுக்கு வேறொரு சுமையும் இருக்கிறது. சுபபந்துவராளி கேட்டவுடன் பத்துச் சினிமாக் காட்சிகள் நினைவுக்கு வரும். அந்த நினைவு உங்கள் நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே கதையைச் சொல்லிவிடும். ஆகவே சோகத்துக்கு நான் மோகனத்தையே மெதுவாக வைத்து முயல்வேன். ஒத்துவராவிட்டால் தூக்கிப்போடலாம், இது சோதித்துப் பார்த்தால் மட்டும் தெரியும்.

ஒலித்தொகுப்புகள் பற்றிய கேள்விக்குப் பதில்: வாங்க வேண்டாம், இப்போதைக்கு. எண்பது வயலின்களின் பதிவு செய்த ஒலி உங்கள் மூவறை வீட்டுக்குள் நுழைந்தால் சுவர் இடிந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம், கீபோர்டில் அழுத்தினால் வரும் வயலினில் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, உயிரோடு வராது. சுருதிச் சக்கரத்தைத் திருப்பி ஓரளவு ஏமாற்றலாம். தேர்ந்த காது உடனே கண்டுகொள்ளும். அந்தப் பணத்தில் ஒரு கலைஞரை ஒரு மாலைப்பொழுது அழையுங்கள். 1949இலிருந்து இயங்கும் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் முதல் இங்குள்ள கலைக் கல்லூரிகள் வரை நன்றாக வாசிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு வயலின், அல்லது ஒரு செல்லோ. எழுதியதை வாசிக்கச் சொல்லிவிட்டு, பிறகு படத்தை ஓடவிட்டு, அவருக்கு மூன்று சுரங்களை மட்டும் கொடுத்து, தோன்றியதை வாசிக்கச் சொல்லுங்கள். 1957 டிசம்பரில் பாரிஸில் மைல்ஸ் டேவிஸ் ஒரு பிரெஞ்சுப் படத்துக்குக் காட்சிகளைத் திரையில் பார்த்தபடியே தன் குழுவோடு வாசித்துப் பதிந்தார். ரவி சங்கர் ‘பதேர் பாஞ்சாலி’க்கான இசையை ஏறத்தாழ 11 மணி நேர ஒரே அமர்வில் முடித்துக்கொடுத்தார். அவர்களுடைய மேதைமையை நமக்கு ஒப்பிடவில்லை. நேரமும் வாத்தியமும் குறைவாக இருப்பது தடை என்று நீங்கள் எழுதியிருந்ததால் சொல்கிறேன்: உங்களிடம் இருக்கும் மூன்று வாரமும் ஒரு வயலினும் குறைவே அல்ல.

அப்பா வானொலியில் பழைய பாட்டு கேட்கிறார், அதற்கு ஓர் எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டைப் போட நண்பர் நினைக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே நின்று யோசியுங்கள். வெளிவந்த ஒரு பாட்டைப் படத்தில் சேர்க்க இரண்டு அனுமதிகள் வேண்டும்: பாடலின் இசைக்கும் வரிகளுக்கும் உரிமை உள்ளவரிடமிருந்து ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு உரிமை உள்ள நிறுவனத்திடமிருந்து இன்னொன்று. சில விநாடிகள் என்றால் பரவாயில்லை என்று பலர் சொல்வார்கள்; அப்படி ஒரு விநாடிக் கணக்கு சட்டத்தில் கிடையாது. விழாக்களுக்கு அனுப்பும்போது இதை எழுத்தில் கேட்பார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தப் பழைய பாட்டை நானே இயற்றுவேன். உங்களுக்குள் ஊறிக்கிடக்கும் சினிமாப் பாட்டு முழுவதையும் தயக்கமில்லாமல் இறக்கிவைக்க இதைவிட நல்ல இடம் ஏது? நான்கு வரி எழுதுங்கள், மெட்டு அதே ஐந்து சுரங்களில் இருக்கட்டும், வயதான குரல் ஒன்றைப் பாடவையுங்கள், ஒற்றை மைக்கில் பதிந்து, கீழ் ஒலியையும் மேல் ஒலியையும் வெட்டி, ஒரு சிறிய ஒலிபெருக்கி வழியாக உண்மையிலேயே சமையலறையில் ஒலிக்கவிட்டு மீண்டும் பதியுங்கள். அப்பா கேட்ட அந்தப் பாட்டின் இரண்டு சுரம் கடைசிக் காட்சியில் மகன் பக்கம் வந்து சேர்ந்தால், உங்கள் பின்னணி இசைக்கு வேறு கரு தேவைப்படாது. இந்த ஊரிலேயே அதற்கு முன்மாதிரி இருக்கிறது. பாலஸ்டியர் அருகே ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா நிறுவனத்தின் ஸ்டூடியோவில் பி. ரம்லி நடித்தும் இயக்கியும் பாடியும் தாமே மெட்டமைத்தும் உருவாக்கிய மலாய்ப் படங்களில் பாட்டும் கதையும் ஒரே மனத்திலிருந்து வந்தவை.

தொழில்நுட்பத்தில் இரண்டே செய்திகள். முதலாவது, படம் 24 பிரேமா, 23.976 பிரேமா, 25 பிரேமா என்று எடிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். 24க்கும் 25க்கும் குழப்பம் வந்தால் 16 நிமிடத்தில் 38 விநாடிக்கு மேல் விலகும். அதை உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். 23.976க்கும் 24க்கும் வந்தால் கடைசியில் ஒரு விநாடிதான் விலகும். அதனால்தான் அது ஆபத்தானது. எடிட் முடிந்துவிட்டது என்று அவர்கள் உறுதி சொன்ன பிறகே நுண்ணிய வேலையைத் தொடங்குங்கள். கொடுக்கும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஒலிக்கோப்புகளாக, ஒவ்வொரு வாத்தியக் கூட்டமும் தனித்தனியாக. இரண்டாவது, வசனம். பேச்சின் மெய்யொலிகள் தெளிவாகக் கேட்பதற்குத் தேவையான பகுதி சுமார் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. வயலினும் குழலும் அங்கேதான் பளிச்சென்று நிற்கும். பேசும் இடத்தில் ஒலியளவைக் குறைப்பது தற்காலிக மருந்து. இசையையே கீழே இறக்கி எழுதுவதுதான் தீர்வு. கேட்டுச் சரிபார்க்கும்போது தொலைபேசியிலும் ஒரு முறை கேளுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் அடிநாதம் அதில் காணாமல் போகும். அப்போது வரி தனியாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

பணம் கேட்கலாமா என்றால், கேட்க வேண்டும். நண்பர் என்பதால் இன்னும் தெளிவாகக் கேட்க வேண்டும். உங்கள் ஊதியத்தையும், வாசிக்கும் கலைஞர், ஒலிப்பதிவு அறை ஆகியவற்றுக்கான செலவையும் தனித்தனியாக எழுதுங்கள். முதலாவதை நட்புக்காக எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம், அது உங்கள் உரிமை. இரண்டாவதில் ஒரு வெள்ளிகூடக் குறைக்காதீர்கள், அது வேறொருவருடைய உழைப்பு. ஊதியம் மிகக் குறைவு என்றால் அதற்கு ஈடாக உரிமையை வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் நீங்கள் ஊழியராக இல்லாமல் இயற்றிய இசையின் பதிப்புரிமை, நீங்கள் கையெழுத்திட்டு மாற்றிக்கொடுக்காத வரை, உங்களுடையதே. உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 70 ஆண்டுகள் அது நீடிக்கும். 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளியின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையையும் சேர்த்திருக்கிறது. எனவே ‘இசையை விற்கிறேன்’ என்று எழுதாமல், ‘இந்தப் படத்திலும் இதன் முன்னோட்டத்திலும் காலவரையின்றிப் பயன்படுத்த அனுமதி தருகிறேன்’ என்று எழுதுங்கள். நண்பருக்கு வேண்டியது அதுதான். அவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. படம் பின்னர் தொலைக்காட்சிக்கோ பெரிய தளத்துக்கோ விலைபோனால் கூடுதல் ஊதியம் பற்றி மீண்டும் பேசுவோம் என்று ஒரு வரியும் சேருங்கள். பெரிய நிறுவனம் ஒன்று பல பக்க ஒப்பந்தத்தை நீட்டினால் வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

எந்த இசை எந்த நேரத்தில் எத்தனை விநாடி வருகிறது, யார் இயற்றியது என்ற பட்டியலைப் படத்தோடு சேர்த்தே தயாரியுங்கள். 1987இல் தொடங்கப்பட்ட காம்பஸ் போன்ற இசையமைப்பாளர் அமைப்பில் பின்னாளில் சேர்ந்தால், ஒளிபரப்புக்கான தொகை உங்களை வந்தடைய அந்தப் பட்டியல்தான் வழி. திருத்தங்கள் இரண்டு சுற்று என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள்; எடிட்டை மீண்டும் மாற்றினால் அது புதிய வேலை என்றும் குறிப்பிடுங்கள். வயலின் வாசித்தவரின் பெயரும், வானொலிப் பாட்டைப் பாடியவரின் பெயரும் நிறைவுப் பட்டியலில் எந்த எழுத்துக்கூட்டலில் வர வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு எடிட்டருக்கு அனுப்பிவிடுங்கள். வெற்று ஒலியை அளந்த பிறகு அது ஐந்து கட்டைக்குப் பக்கத்தில் இல்லை என்று தெரிந்தால், என்ன எண் வந்தது என்று இங்கேயே எழுதுங்கள். எந்தச் சுரத்திலிருந்து தொடங்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.